பூஜ்யத்துக்கு மேல் இருபது சேனே

பத்து லட்சம் தாலாவை என் வெள்ளைத் தொப்பிக்குள் வைத்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கோயிலுக்குள் நடந்து போனவள் நான். பத்து லட்சம் என்பதைக் கொஞ்சம் ஊதிச் சொன்னேன். ஒரே தடவையிலும் இல்லை, பத்தொன்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வருஷம் தொப்பியில் இருந்தது வெறும் இருபது சேனே, ஒரு தாலாவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் தொப்பி நிஜம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எங்கள் பெண்கள் எல்லாரும் போடுவது. அதன் உள்பட்டையில் நான் தைத்த பை இன்னும் பிரியாமல் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பணம் என்னுடையது இல்லை, சினிவாவுடையது. தலைநகர் ஆப்பியாவில் துறைமுகச் சாலையில் நான்கு கடையும் ஒரு குளிர்பதனக் கிடங்கும் வைத்திருந்தாளே, அந்தச் சினிவா. சவாயீ தீவில் எங்கள் சலெலூமா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அவளும் நானும் படித்தோம். அவள் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் தொடர்ந்து படித்து, அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து சேர்ந்தேன். படிப்பால் யாருக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்கக் கூடாது.

விஷயம் ஆரம்பித்தது எங்களுக்குப் பதினொரு வயதானபோது, மே மாதக் காணிக்கை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு கொடுத்தது என்று மூப்பர் சத்தமாகப் படிப்பார். பெரிய தொகையில் ஆரம்பித்துச் சின்னத் தொகையில் முடிப்பார். முதல் பெயரைக் கேட்க எல்லாரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். கடைசிப் பெயருக்கு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஆனால் காது மட்டும் அங்கேதான் இருக்கும்.

படிப்பவர் இயெரெமியா. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. ஊரிலேயே ஒரே பேருந்து அவருடையது, ஒரே கடையும் அவருடையது. குரல் இருக்கிறதே, அது கோயில் சுவரில் பட்டுக் கடலுக்குப் போய்த் திரும்பி வரும். முதலில் தன் பெயரைத்தான் படிப்பார். இயெரெமியா குடும்பம், நூறு தாலா. அந்தக் காலத்து நூறு தாலா.

கடைசிப் பெயர் லூப்பே. சினிவாவின் அம்மா. வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனபின், பேருக்குச் சொந்தக்காரர்கள் நடுவில் பேருக்கு ஒரு குடிசையில் இருந்தாள். தாழை ஓலையைச் சுரண்டி, நூல் மாதிரிக் கிழித்து நுண்பாய் பின்னுவாள். அந்த வருஷம் சினிவாவுக்குக் காய்ச்சல் வந்து, இருந்த காசெல்லாம் மருந்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து வைத்தாள்.

“லூப்பே குடும்பம், இருபது சேனே” என்று இயெரெமியா படித்தார்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதோடு பட்டியலை மடித்திருக்கலாம். மடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சரியாகத் தெரியாதவர் போல் தாளைத் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை படித்தார். “இருபது... சேனே.” இந்தத் தடவை கோயிலே சிரித்தது. பாடகர் குழு சிரித்தது. போதகர் குனிந்து இருமினார். நானும் சிரித்தேன். சினிவா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

லூப்பே வாசல் ஓரத்துக் கடைசி பெஞ்சில் இருந்தாள். எழுந்து போகவும் இல்லை, அழவும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த ஒரே நுண்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போய்க் கோயிலுக்கென்று கொடுத்துவிட்டு வந்தாள். நான்கு வருஷமாகச் சினிவாவின் கல்யாணத்துக்கென்று பின்னிய பாய். பட்டு மாதிரி மடியும். ஓரத்தில் சிவப்பு இறகு வைத்து முடிக்க வேண்டும். ஒரு விரல் நீளத்துக்கு இறகு போதவில்லை என்று மூலையில் சேவலின் கறுப்பு இறகை வைத்து முடித்திருந்தாள். பாய்கள் பட்டியலில் வராது. அதை யாரும் எழுந்து படிக்கவில்லை. அது யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ, யார் வீட்டுச் சாவுக்கோ சீராகப் போய்க் கைமாறிக் கைமாறிக் காணாமல் போயிற்று.

கிறிஸ்துமஸுக்குள் லூப்பே செத்துப்போனாள். மார்ச்சளி. சினிவாவுக்கு மட்டும் அந்தக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. புதைத்துவிட்டு வந்தபோது என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. “அந்தாளு எங்கம்மா பேரை இன்னொரு தடவை படிப்பான். இந்தத் தடவை யாரும் சிரிக்க மாட்டாங்க.”

பதினான்கு வயதில் ஆப்பியாவுக்குப் போனாள். ஒரு கடையில் தட்டுக் கழுவினாள், இன்னொரு கடையில் மூட்டை தூக்கினாள். அங்கேதான் அவளுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அது எங்கள் எல்லார் கண் முன்னாலும் நடப்பதுதான். சாவுக்குப் போகிறவர்கள் மீன் டின் பெட்டி எடுத்துக்கொண்டு போவோம். சாவு வீட்டில் பெட்டி மலை மாதிரிக் குவியும். அதில் பாதியை வந்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்தனுப்புவார்கள். மீதியை யார் தின்பது? அடுத்த சாவுக்கு அதையே தூக்கிக்கொண்டு போவோம். பெட்டியை யாரும் பிரிப்பதே இல்லை.

சினிவா திங்கட்கிழமை காலையில் சாவு வீட்டுக்குப் போவாள். கொஞ்சம் அழுவாள், நன்றாகவே அழுவாள். பிறகு மிச்சப் பெட்டிகளைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வாள். வியாழக்கிழமை அடுத்த சாவுக்குப் போகிறவர்களுக்கு முக்கால் விலைக்குக் கொடுப்பாள். கடையில் முழு விலை, இவளிடம் முக்கால் விலை. எந்தக் குடும்பம் கடைக்குப் போகும்? பெட்டியின் அடியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைப்பாள், எத்தனை தடவை தன்னிடம் திரும்பி வந்தது என்று தெரிய. ஒரு பெட்டி முப்பது சாவு பார்த்தது. சரி, பதினொன்று. கோடுகளை நானே எண்ணினேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். முப்பத்தைந்து வயதில் நான்கு கடை, கிடங்கு, ஃபெர்ரியில் அவள் சரக்குக்கென்று தனி இடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆப்பியா கோயில்களிலெல்லாம் போதகர்கள் அவளைப் பார்த்ததும் முன் பெஞ்சைத் துடைப்பார்கள். அவள் எங்கேயும் ஒரு சேனே போட்டது கிடையாது.

ஒரு மே மாதம், காணிக்கை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், ஃபெர்ரியில் எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. திறந்தால் முழுக்க நோட்டு. அன்று ராத்திரியே போன் செய்தாள்.

“டீச்சரு, இந்த வருஷம் மூப்பர் எவ்வளவு வைக்கிறாரு?”

அதைத் தெரிந்துகொள்வதற்கு எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை. இயெரெமியாவின் மனைவி சலோமே வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சியிலேயே தொகையைச் சொல்லிவிடுவாள், மற்றவர்கள் அதற்கு மேல் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த வருஷம் ஆயிரத்து ஐந்நூறு.

“அப்ப ஆயிரத்து ஐந்நூறும் கூட இருபது சேனேயும் வை. பேரு எழுதாதே.”

“பேரில்லாம யாருடி காணிக்கை வைப்பா? வாங்குவாங்களா?”

“காசைத் திருப்பிக் கொடுத்த கோயிலை நீ பார்த்திருக்கியா?”

அவள் சொன்னது சரி. ஆராதனைக்கு முன் எல்லாரும் மேசையில் உறையை வைப்போம். இயெரெமியா கடைசி நிமிஷத்தில் நூறு தாலா ஏற்றி வைக்கும் ஆள் என்பதால், நான் அவர் வைக்கும் வரை நோட்டுகளை ஓரக்கண்ணால் எண்ணிக் காத்திருந்து, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரிக் கையை விட்டு, உபரி நோட்டை எடுத்து உறையில் செருகி, மற்றப் பெண்களோடு கும்பலாகப் போய் வைத்துவிட்டு வருவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. டீச்சர் தலையில் பேன் என்று மட்டும் பேசிக்கொண்டார்களாம்.

இயெரெமியா பட்டியலைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார். வழக்கமாகத் தன் பெயர் இருக்கும் இடத்தில் வேறு என்னவோ இருந்தது. “பெயர் சொல்லாதவர்” என்று படித்தார். “ஆயிரத்து ஐந்நூறு தாலா, இருபது சேனே.” அப்புறம்தான் “இயெரெமியா குடும்பம்” என்றார். அந்தக் குரல் சுவர்வரைக்கும்கூடப் போகவில்லை.

நான் போனில் இதைச் சொன்னபோது சினிவா மறுபடி மறுபடி கேட்டாள். முகம் எப்படி இருந்தது, தொண்டையைக் கனைத்தாரா, சலோமே எந்தப் பக்கம் பார்த்தாள். எல்லாம் சொன்னேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன், அவளுக்கு அது தேவையாக இருந்தது. கடைசியில் கேட்டாள், “இருபது சேனேன்னு சொல்றப்ப?”

“ஒண்ணும் இல்லை. சும்மா படிச்சாரு.”

“ஞாபகம் வரலையா?”

“வரலை.”

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் இரண்டாமிடத்துக்கு இறங்கியது அவளுக்குப் பாதி இனிப்புதான். அவருக்கு அந்த இருபது சேனே நினைவுக்கு வர வேண்டும். அதற்காகத்தான் அத்தனையும்.

அடுத்த வருஷம் இயெரெமியா மூவாயிரம் வைத்தார், ஆக்லாந்தில் இருக்கும் மகன்களைப் பிழிந்து. பெயர் சொல்லாதவர் மூவாயிரமும் இருபது சேனேயும். அதற்கடுத்த வருஷம் ஐயாயிரம். ஐயாயிரமும் இருபது சேனேயும். சினிவாவுக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தோஷம், கோயிலுக்கு எங்கள் இரண்டு பேரைவிடச் சந்தோஷம்.

அந்த மூன்றாவது வருஷம்தான் எங்கள் ஊர், எங்கள் ஊரால் மட்டுமே முடிகிற ஒரு தப்பைச் செய்தது. யோசித்துப் பாருங்கள். கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லாமல் இருக்கிற மனிதரை இந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை. சேம்புக்கிழங்கு ஒரு கூடை கொடுத்தால்கூட நின்று, இன்னார் கொடுத்தது என்று கூவச்சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். அப்படி இருக்க, யாரோ ஒருவர் மூப்பரின் தொகையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கச்சிதமாக இருபது சேனே கூட வைக்கிறார். கடைசி நிமிஷத்தில் ஏற்றி வைக்கிற மூப்பரின் தொகை மூப்பரைத் தவிர யாருக்குச் சரியாகத் தெரியும்? ஆக அது மூப்பரேதான். ஒன்று தன் பெயரில், இன்னொன்று கடவுளுக்காக, பெயரில்லாமல். அந்த இருபது சேனே தாழ்மைக்கு அடையாளம்.

முதலில் இதைச் சொன்னவர் போதகர். ஒரு வாரத்தில் ஊரே சொல்லிற்று.

நான் போன் செய்து சொன்னேன்.  அந்தப் பக்கம் டின்கள் சரிகிற சத்தம், ஒன்றல்ல, ஒரு அடுக்கு. கடையின் கூரையே பறந்துபோயிற்று என்று சொல்வேன், நீங்கள் நம்பமாட்டீர்கள்.

“எங்கம்மா காசுல அவன் புனிதனா?”

“நீ வந்து சொல்லிடேன். நான்தான் வச்சேன்னு.”

“சொன்னா? மூப்பர் பண்ண தர்மத்துக்குச் சொந்தம் கொண்டாட மீன்டின்காரி வந்திருக்கான்னு சிரிப்பாங்க. அந்தக் கோயில்ல ரெண்டாந்தடவையா?” கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டாள், “அவன் இல்லைன்னு சொன்னானா?”

“முதல் வாரம் சொன்னாரு. அடக்கம்னு மெச்சிக்கிட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை விருந்துல பன்றியோட முதுகுத் துண்டை, தலைவர்களுக்கு வைக்கிறதை, அவருக்கு வச்சாங்க. அப்புறம் இல்லைன்னு சொல்றதை நிறுத்திட்டாரு.”

“தின்னானா?”

“எலும்பைக்கூட விடலை.”

அந்தப் பக்கம் விரலால் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. விலை பேசும்போது அவள் அப்படித்தான் தட்டுவாள்.

“அப்ப சரி” என்றாள். “இன்னும் ஊட்டுவோம்.”

அந்த வருஷக் கடைசியில் சலெலூமாவுக்கு லாரி லாரியாகத் தகரமும் மரமும் வந்து இறங்கிற்று. கோயில் கூரை. யார் பணம் என்று கொத்தனாரைக் கேட்டால், பணம் கட்டியாயிற்று, பெயரைக் கேட்காதீர்கள் என்றார். ஊர் நேராக இயெரெமியா வீட்டுக்கு முன்னால் போய்ப் பாடிற்று. அடுத்து பள்ளிக்கூடத்துக்கு நான்கு அறை. மலையிலிருந்து தண்ணீர்க் குழாய். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மோட்டார் வைத்த படகு. ஒவ்வொன்றுக்கும் ஊர் இயெரெமியா வீட்டு முன்னால் போய்ப் பாடிற்று. அவர் கையை மட்டும் அசைப்பார். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட அறைகள் வந்தபோது நான் சினிவாவைக் கேட்டேன், இது பழிவாங்குவதா, என்ன இது என்று. பொறு என்றாள்.

ரொம்ப நாள் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. எங்களில் கையில் இருப்பவரிடம் சொந்தக்காரர் கேட்டால், இல்லை என்கிற சொல்லை வாய் உச்சரிக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயே போட்டவர் ஒரு சவப்பெட்டிக்கு இல்லை என்பாரா? முதலில் சித்தப்பா மகன் வந்தான், பள்ளிக் கட்டணம். அப்புறம் சலோமேயின் அக்கா வீட்டார், கூரைக்கு. அப்புறம் உப்போலு தீவிலிருந்து, யாருக்கும் முகம் தெரியாத, ஆனால் நான்கு தலைமுறை சொல்லி உறவை நிரூபித்த ஒரு கூட்டம். பாயை விரித்து மூன்று வாரம் தங்கிற்று. கல்யாணம் என்றால் அவர்தான் முதல் சீர். சாவு என்றால் அவர்தான் முதல் பெட்டி. அந்தப் பெட்டிகளை அவர் ஆப்பியாவில் வாங்கியது யார் கடையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து சினிவா முழு விலைக்கு விற்ற ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

முதலில் பன்றிகள் போயின. அப்புறம் கடையில் அலமாரி காலியாயிற்று. வந்தவர்களெல்லாம் எடுத்துக்கொண்டு, மூப்பர் கணக்கு என்று சொல்லிப் போய்விட்டார்கள். மகன்கள் ஆக்லாந்தில் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். நீலப் பேருந்தை விற்றார். அதன் இன்ஜினை விற்றுவிட்டு முன்னால் மாடு கட்டி ஓட்டினார் என்று நான் சில இடங்களில் சொல்லியிருக்கிறேன், அது பொய். வண்டியோடு சேர்த்துத்தான் விற்றார். அப்படியும் ஒவ்வொரு மே மாதமும் ஏதாவது வைத்தார். தொகை இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டாயிரம். ஐந்நூறு. அறுபது. பெயர் சொல்லாதவரும் கூடவே இறங்கினார், இரண்டாயிரமும் இருபது சேனேயும், ஐந்நூறும் இருபது சேனேயும். ஊருக்கு அது போதும், சந்தேகம் துளியும் மிச்சமில்லாமல் போயிற்று. பார்த்தீர்களா, அவர் கை வற்றினால் இவர் கையும் வற்றுகிறது.

ஒரு நாள் சலோமே என் வீட்டுக்குச் சர்க்கரை கேட்டு வந்தாள். கிண்ணத்தை இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டு. எனக்குக் கொஞ்சம் என்னவோ போலிருந்தது. சினிவாவிடம் சொன்னேன்.

“கொடுத்தியா?”

“கொடுத்தேன்.”

“எவ்வளவுன்னு யாராவது சத்தமாப் படிச்சாங்களா?”

“இல்லை.”

“அப்ப அவளுக்கென்ன குறை.”

அவள் பக்கமும் வற்றத்தான் செய்தது. கூரைக்கு ஒரு கடை, பள்ளிக்கூட அறைகளுக்கு ஒரு கடை, குழாய்க்கு ஒரு கடை, படகுக்குக் கிடங்கு. மிச்சம் இருந்தது முதலில் திறந்த கடை ஒன்றும், அதன் பின்னால் கட்டில் போட்ட ஒரு அறையும். ஆப்பியாவில் எல்லாரும் அவளுக்குச் சூதாட்டம் என்று பேசிக்கொண்டார்கள். உனக்கென்று ஏதாவது வைத்துக்கொள் என்றேன். அவருக்கு நினைவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

பத்தொன்பதாவது வருஷம். வெள்ளிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்குச் சலோமே வந்தாள், பாடினாள், தொகை எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். சனிக்கிழமை அவர்கள் வீட்டுப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். குழி அடுப்பில் புகையே இல்லை. சினிவாவுக்குப் போன் செய்தேன்.

“இந்த வருஷம் அவங்க ஒண்ணுமே வைக்க மாட்டாங்க போலிருக்குடி. நான் என்ன வைக்கிறது?”

யோசிக்கவே இல்லை. “பூஜ்யத்துக்கு மேல இருபது சேனே.”

ஒரு நாணயம். உறைக்குள் போட்டபோது ஓரத்துக்கு உருண்டு நின்றது. மேசையில் வைக்கும்போது கிளிங் என்றது, எனக்கு உயிரே போயிற்று.

எழுபத்தேழு வயது இயெரெமியா பட்டியலைப் படித்தார். முதல் பெயர் வேறு யாருடையதோ. ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய்த் திரும்பிய ஒருவனுடையது. வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். இருநூறு, நூற்றைம்பது, நாற்பது. அவர் பெயர் எங்கேயும் இல்லை. அதை எல்லாரும் கவனித்தார்கள். கடைசி வரிக்கு வந்தார்.

“பெயர் சொல்லாதவர், இருபது சேனே.”

பின் வரிசையில் இளவட்டங்கள் சிரித்தார்கள். இயெரெமியா தாளை மடிக்கவில்லை. ஆயிரங்களுக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் காதில் விழாத சொல், தனியாக, பட்டியலின் அடியில், சிரிப்போடு சேர்ந்து வந்ததும் விழுந்துவிட்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. வாசல் ஓரத்துக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“இருபது சேனே” என்று இன்னொரு தடவை சொன்னார், படிக்கிற குரலில் இல்லை.

ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். லூப்பேயின் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான் என்பது ஊருக்கே தெரியும். என் தொப்பியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“டீச்சரம்மா, நாளைக்கு முதல் ஃபெர்ரிக்கு என்கூட வர்றீங்களா? அந்தப் பொண்ணு கடை எனக்குத் தெரியும். ஆனா அங்க தனியாப் போகத் தைரியமில்லை.”

திங்கட்கிழமை போனோம். அவர் மடியில் ஒரு மூட்டை இருந்தது. விற்காமல் மிச்சமிருந்த ஒரே நுண்பாய், மருமகள் வீட்டுச் சீராக வந்தது, சலோமே கொடுத்தனுப்பினாள் என்றார். வழியெல்லாம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வாய் மூடி வந்த ஒரே கடல் பயணம் அதுதான்.

சினிவாவின் கடை வாசலில், ரொட்டி வாங்க வந்தவர்கள் நடுவில், சிமென்ட் தரையில் உட்கார்ந்தார். பாயைப் பிரித்துத் தலைக்கு மேல் போட்டு உடம்பை முழுக்க மூடிக்கொண்டார். ரொட்டி வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். தப்புச் செய்தவன் பாய்க்குள் குனிந்து உட்கார்ந்தால் அதற்கு என்ன பொருள் என்று எங்களில் கைக்குழந்தைக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவர் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு, விஷயம் அன்றோடு முடிந்தது. எடுக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

சினிவா வெளியே வந்தாள். பார்த்தாள். உள்ளே போய் மீன் டின்களை அடுக்க ஆரம்பித்தாள். வெயில் ஏறிற்று. வாடிக்கையாளர்கள் அவரைச் சுற்றி நடந்து உள்ளே வந்து, சாமான் வாங்கி, மறுபடி சுற்றி நடந்து வெளியே போனார்கள். அவள் எல்லாருக்கும் சில்லறை சரியாகக் கொடுத்தாள். பாய்க்குள்ளிருந்து இருமல் வந்தது. நான் ஒரு தேங்காய்த் தண்ணீர் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் தேங்காயே வற்றிவிட்டது.

வெயில் உச்சிக்கு வந்தபின் வாசலுக்கு வந்து நின்றாள்.

“எதுக்கு வந்திருக்கீங்க?”

“இருபது சேனேக்கு” என்றது பாய்.

“யாரோட இருபது சேனே?”

“லூப்பேயோடது. உங்கம்மாவோடது.”

“சத்தமா. அன்னிக்குப் படிச்ச மாதிரி.”

பாய்க்குள் மூச்சு இழுப்பது கேட்டது. வயதான குரல்தான், ஆனாலும் தெருவின் அந்தப் பக்கம்வரை போயிற்று. “லூப்பே குடும்பம், இருபது சேனே.”

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிப் பையோடு நின்றிருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

“ரெண்டாந்தடவை படிச்சீங்களே, ஏன்?” என்று கேட்டாள் சினிவா. நாற்பத்து நான்கு வருஷமாக அவள் வைத்திருந்த கேள்வி. அதற்கு ஆயிரம் பதில் அவளே யோசித்து வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். நிலத் தகராறு, லூப்பே அவரை ஏதோ மறுத்திருப்பாள், வெளியூர்க்காரி என்கிற பகை, எல்லாம்.

பாய் இருமிற்று.

“சிரிச்சாங்கம்மா. முதல் தடவை படிச்சப்ப சிரிச்சாங்க. இன்னொரு தடவை சிரிக்க வைக்கலாமேன்னு இருந்தது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.”

மூன்று கடை, ஒரு கிடங்கு, கூரை, குழாய், படகு, பத்தொன்பது வருஷம். அவ்வளவும் அந்தப் பதிலுக்கு. சினிவா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது உள்ளே போய்விடுவாள், இந்த மனிதர் இங்கேயே சூரியன் இறங்கும்வரை வெந்து சாகப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் குனிந்தாள். இரண்டு கையாலும் பாயின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல, அவர் தலையிலிருந்து எடுத்தாள். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். இயெரெமியா அவள் காலைத் தொட்டு அழுதார். இப்படியாகச் சினிவா, அம்மாவை அவமானப்படுத்தியவரைக் கடைசியில் மனசார மன்னித்தாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, கடைக்குப் பின்னால் இருக்கும் அவள் அறையில் உட்கார்ந்து அவளுக்கே படித்துக் காட்டினேன். கட்டிலில் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மீன் பெட்டிக்கு ஒரு தடவை சிரித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

“மனசார மன்னிச்சான்னு எழுதியிருக்கியே, அதை அடிச்சிடு டீச்சரு. நான் யாரையும் மன்னிக்கலை. குனிஞ்சு பார்த்தப்ப பாயோட மூலையில கறுப்பு எறகு இருந்தது, ஒரு விரல் நீளம். எங்கம்மா பின்னினது அவன் தலைமேல கிடக்க வேண்டாம்னு எடுத்தேன்.”